நாக்குக்கு அடியில்

என் அம்மா பல்லால் சம்பாதிப்பவள். நம்பாதவர்கள் எந்த பியூட்டி பார்லருக்குள்ளும் நுழைந்து பார்க்கலாம். நாற்காலியில் ஒருத்தி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பாள். இன்னொருத்தி நூலின் ஒரு முனையைப் பல்லில் கவ்வி, மீதியை இரண்டு கைகளிலும் முறுக்கி, கத்தரிக்கோல் மாதிரித் திறந்து மூடி, அந்த முகத்தில் வேண்டாத முடிகளை வேரோடு பிடுங்குவாள். பார்க்கிறவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் இழுக்கிற இழுப்பு முழுவதையும் தாங்குவது பல். புருவம், மேலுதடு, தாடை என்று ஒரு நாளில் எத்தனை முகங்கள். அத்தனைக்கும் அம்மாவின் பல்தான் ஆணி.

அவளுடைய முன்பற்களில் நூல் அறுத்த பள்ளம் இருக்கிறது. பள்ளம் ஆழமாகி முன்பல் கூச ஆரம்பித்ததும் நூலைக் கடைவாய்ப் பல்லுக்கு மாற்றிக்கொண்டாள். அந்தப் பல் ஏற்கெனவே சொத்தை. எங்கள் வீட்டில் பல் வலித்தால் டாக்டரிடம் போகிற பழக்கம் இல்லை. மறுபக்கம் மெல்லுகிற பழக்கம்தான் உண்டு.

முதலில் வந்தது நாற்றம். அம்மா கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். என் பக்கத்தில் படுப்பவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். புதினா மிட்டாயை ஓயாமல் வாயில் அடக்கிக்கொண்டாள். பார்லரில் மாஸ்க் போட்டுக்கொண்டே இருந்தாள், ஆனால் நூலைக் கவ்வ மாஸ்க்கை இறக்கித்தானே ஆகவேண்டும்? அப்போது மூச்சை வேறுபக்கம் விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பாளாம். இது சித்தி சொன்னது. சித்தி அதே பார்லரில் ஃபேஷியல் செய்பவள், எங்களோடுதான் இருக்கிறாள். அப்பா என்று ஒருவர் இருந்தார். அதை விடுங்கள்.

ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்துவிட்டார் என்று தெரிந்ததும் பார்லர் மேடம் அம்மாவை டாக்டரிடம் அனுப்பவில்லை. வாயில் அடித்துக்கொள்ளும் ஸ்ப்ரே ஒன்றை வாங்கிக்கொடுத்தார். ரோஜா வாசனை. அம்மா அதைப் பெருமையாக வீட்டில் காட்டினாள்.

"வாயைக் காட்டு," என்றேன்.

"ஒண்ணுமில்லடி. உடம்புச் சூடு."

"சூடா இருந்தா வாய் நாறுமா? காட்டு."

"இவ ஒருத்தி. போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவ."

நான் போனது போலீஸ் வேலைக்கு அல்ல. எங்கள் குடும்பத்தின் முதல் டிகிரி நான். அந்த டிகிரியை வைத்துக்கொண்டு ஒரு கூரியர் கம்பெனியில் புகார் கேட்கிறேன். பார்சல் வராத ஊரெல்லாம் என்னைத் திட்டும். வாங்கிக்கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து நான் அம்மாவைத் திட்டுவேன். அன்றும் விடாமல் திட்டினேன். கடைசியில் வாயைத் திறந்தாள்.

கன்னத்தின் உட்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு நேராக, ஒரு புண். நடுவில் வெள்ளை, சுற்றிச் சிவப்பு, நகம் அளவு. பார்த்ததும் ஓரடி பின்வாங்கினேன். என் முகத்தைப் பார்த்து அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, போய் அடுப்பை அணைத்தாள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் மெழுகு அக்கா. அதே பார்லரில் கை கால்களுக்கு மெழுகு போட்டு முடி எடுத்தவர். அவருக்கும் வாயில் ஒரு புண்தான் வந்தது. ஆறாத புண். பிறகு பாதித் தாடையை எடுத்தார்கள். பிறகு அவரே இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. 'அது' என்போம்.

"அதுவா இருக்குமாக்கா?" என்று சித்தி கேட்டாள்.

"அதுவா இருந்தா எனக்குத் தெரிய வேணாம்," என்றாள் அம்மா. "தெரியாத வரைக்குமாவது நிம்மதியா இருக்கலாம்ல."

"இது என்ன லூசுத்தனமான பேச்சு? நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"போனா, அதுன்னு சொல்லிடுவாங்க."

"சொல்லலைன்னா அது இல்லாமப் போயிடுமா?"

"கத்தாதடி. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

நாளை நாளை என்று அம்மா தள்ளினாள். நான் ஆபீஸில் ஒரு புகாருக்கும் அடுத்த புகாருக்கும் நடுவில் போனில் வாய்ப்புண் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். எல்லாப் படமும் அம்மாவின் புண்ணாகத் தெரிந்தது. ஆனாலும் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தையை ஒரு டாக்டர் வாயால் கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

இதற்கு நடுவில் அம்மா எப்படி நூலைக் கடித்து வேலை செய்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அதையும் சித்திதான் போட்டு உடைத்தாள், ஏதோ பெரிய சாமர்த்தியத்தைச் சொல்வதுபோல.

"உங்கம்மா மூளையே மூளை. மூக்கு குத்தறதுக்கு முன்னாடி தடவுவோம்ல, மரத்துப்போற க்ரீம், அதைப் பஞ்சுல தொட்டு ஈறுல தடவிக்குவா. மத்தியானம் வரைக்கும் கல்லு மாதிரி இருக்குமாம். சாப்பிட்டுட்டு இன்னொரு தடவை."

"அது தோலுக்குப் போடறது சித்தி. வாய்க்குள்ளயா போடுவாங்க?"

"வாயும் தோல்தானடி."

அதனால்தான் சாயங்காலம் வரும்போது அம்மாவின் பேச்சு குழறியிருந்தது. நாக்கு தடித்து, 'ர' எல்லாம் வழுக்கி, ஒரு பக்க உதடு தொங்கும். சித்தி அதைப் பேசிக்காட்டுவாள். "எங்கக்காவுக்கு மழலை திரும்பிடுச்சு. தாலாட்டு பாடுங்கடி." அம்மாவே சிரித்துவிடுவாள், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டு. குழறல் எங்களுக்குப் பழகிவிட்டது. குழறினால் க்ரீம். அவ்வளவுதான்.

அன்று பார்லருக்கு வார விடுமுறை. நானும் வீட்டில் இருந்தேன். காலையில் எழுந்தபோது அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முதுகைச் சாய்க்காமல், முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு. மடியில் ஒரு துண்டு. தலையணைகள் சுவரில் சாய்த்து அடுக்கியிருந்தன. படுக்கவே இல்லை போல.

"டீ போடவா?" என்றேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். ஏதோ சொன்னாள். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசியதுபோல இருந்தது. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

சமையலறையிலிருந்து சித்தி குரல் கொடுத்தாள். "காலங்காத்தால அப்பிட்டியாக்கா? லீவு நாள்லகூட க்ரீமா? அடிமையாகிட்டா பாரு."

சிரிக்கப் போனேன். பாதியில் நின்றுவிட்டது. அந்த க்ரீம் வீட்டுக்கு வருவதில்லை. பார்லர் ட்ராயரில் வைத்துப் பூட்டி, சாவியை மேடம்தான் வைத்திருப்பார்.

"அம்மா. இன்னைக்கு க்ரீம் போட்டியா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நேத்து எப்ப போட்ட? மத்தியானமா?"

ஆமாம்.

மத்தியானம் போட்டது சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும். இது மறுநாள் காலை. அப்படியென்றால் நாக்கு ஏன் தடித்திருக்கிறது?

ஜன்னல் திரையை இழுத்தேன். வெளிச்சத்தில்தான் முகம் தெரிந்தது. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கும் வளைவைக் காணோம். இரண்டு பக்கமும் ஒரே வீக்கமாக இறங்கியிருந்தது. தாடைக்கு அடியில் தொட்டேன். சதை மாதிரி இல்லை, பலகை மாதிரி இருந்தது. கொதித்தது.

"திற."

ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது. போன் வெளிச்சத்தை அடித்தேன். சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, அப்போதும் என் கண் முதலில் அந்தக் கன்னப் புண்ணைத்தான் தேடியது. அது அப்படியே இருந்தது. வளரவில்லை, குறையவில்லை. பிறகுதான் நாக்கைப் பார்த்தேன். நாக்கு அதன் இடத்தில் இல்லை. மேலே எழும்பி அண்ணத்தை முட்டிக்கொண்டிருந்தது. நாக்குக்கு அடியில் இன்னொரு நாக்கு மாதிரி, சிவப்பாக, பளபளவென்று, ஏதோ ஒன்று வீங்கி அதைத் தூக்கிப் பிடித்திருந்தது.

வாயோரம் எச்சில் ஒழுகியது. அம்மா துண்டால் துடைத்தாள். துண்டு முழுவதும் சொதசொதவென்று நனைந்திருந்தது. அவளால் தன் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை.

"சித்தி, செருப்பைப் போடு."

"எங்கடி?"

"போடுன்னா போடு!"

இரண்டு தெரு தள்ளி ஒரு பல் ஆஸ்பத்திரி. வாடகைக் காரைக் கூப்பிட்டோம். அம்மா பின்சீட்டில் சாயாமல் முன்சீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கே பல் டாக்டர் என் வயதுப் பெண்ணாக இருந்தார். நாற்காலியில் ஒருவருக்கு வாயைத் திறந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தவர், கையுறையோடு வெளியே வந்துவிட்டார். அம்மாவை உள்ளே கூப்பிடவே இல்லை. நின்ற இடத்திலேயே கழுத்தை அழுத்திப் பார்த்தார்.

"எச்சில் முழுங்க முடியுதாம்மா? படுக்க முடியுதா?"

இரண்டுக்கும் இல்லை.

"நான் இங்க தொடக்கூடாது," என்று என்னிடம் சொன்னார். "பல்லுல இருந்த கிருமி நாக்குக்கு அடியில இறங்கிப் பரவிடுச்சு. வீக்கம் இன்னும் கொஞ்சம் ஏறினா மூச்சுப் போற வழியை அடைச்சிடும். பெரிய ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு, இப்பவே. யார் சொன்னாலும் படுக்க வைக்காதீங்க. உக்காந்தே இருக்கட்டும். அங்க போய் வாய்ப்புண், பல்வலின்னு ஆரம்பிச்சீங்கன்னா பல் டாக்டர் க்யூல நிக்க வச்சிடுவாங்க. மூச்சுத் திணறல்னு மட்டும் சொல்லுங்க."

"டாக்டர்... அதுவா? கன்னத்துல ஒரு புண்ணு..."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "அதை நாளைக்குப் பாக்கலாம். நாளைக்கு வரைக்கும் மூச்சு இருக்கணும்ல?"

மறுபடி அதே கார். என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். நூல் இழுத்து இழுத்துக் காய்த்த விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சத்தம் வரத் தொடங்கியது. மெல்லிய சீழ்க்கை மாதிரி. உள்ளே போகும்போது மட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்கவும் பயமாக இருந்தது, அது நின்றுவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

"அம்மாவை மடியில சாச்சுக்கோம்மா. பாவம், உக்கார முடியாம உக்காந்திருக்காங்க," என்றார் டிரைவர்.

"நீங்க ரோட்டைப் பாருங்கண்ணா."

அம்மா என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். புரியவில்லை. காதை வாயருகே கொண்டுபோனேன். அந்த நாற்றம், அதன் மேல் ரோஜா வாசனை. காலையில் இந்த நிலைமையிலும் ஸ்ப்ரே அடித்திருக்கிறாள். மறுபடி கேட்டாள். இந்த முறை பிடிபட்டது.

"அதுவா?"

"அது இல்லம்மா. பல்லு. வெறும் பல்லு."

எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன். அம்மாவின் முகம் இளகியது. கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் தூக்கிச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்ததுபோல ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். மூச்சு நின்றுகொண்டிருக்கிறது, இவள் பிழைத்துவிட்டோம் என்று நினைக்கிறாள்.

"கண்ணைத் திற. தூங்காத. அம்மா, கண்ணைத் திற!"

பெரிய ஆஸ்பத்திரி. நான் அம்மாவைப் பிடித்து இறக்குவதற்குள் சித்தி ஓடிப்போய்க் கவுன்ட்டரில் நின்றுவிட்டாள். டாக்டர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டவள்தான். கவுன்ட்டருக்குப் பின்னால் ஓர் அதட்டல் குரலைக் கேட்டதும் எல்லாம் மறந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "அக்காவுக்கு வாய்ப்புண்ணுங்க. பல்லும் வலிக்குதாம்."

"பல்லுன்னா பின்னாடி பில்டிங். டோக்கன் முடிஞ்சிருக்கும், நாளைக்கு வாங்க."

நான் கவுன்ட்டர் கண்ணாடியைக் கையால் அறைந்தேன். வருஷக்கணக்கில் ஊரான் கத்தலை எல்லாம் "மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் மேடம்" என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்தேன் போல. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது.

"எங்கம்மாவால மூச்சு விட முடியல! தொண்டை அடைக்குது! நாளைக்கு வான்னா பொணமாத்தான் தூக்கிட்டு வரணும்! டாக்டரைக் கூப்பிடு!"

'கூப்பிடு' என்று ஒருமையில் சொன்னதற்கு அந்த ஆள் எழுந்தே விட்டார். நல்லவேளையாக, சத்தம் கேட்டு ஒரு நர்ஸும் எழுந்து வந்தார். அம்மாவின் மூச்சைக் கேட்டவர் ஸ்ட்ரெச்சர் என்று கத்தினார். இரண்டு பேர் வந்து அம்மாவைத் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார்கள். முதுகு கீழே பட்டதும் அந்தச் சீழ்க்கைச் சத்தம் நின்றது. நின்றேவிட்டது. அம்மாவின் கண்கள் பிதுங்கின. கை காற்றில் துழாவியது.

"எடுங்க கையை! படுக்க வைக்காதீங்க!" அவர்களைத் தள்ளிவிட்டு அம்மாவை அக்குளில் கைகொடுத்து நிமிர்த்தினேன். ஒருவர் என்னைத் திட்டினார். எந்த வார்த்தை என்று நினைவில்லை. சீழ்க்கை மறுபடி வந்தது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

"அந்தப் பொண்ணு சொல்றது சரி. உக்கார வைங்க," என்று ஒரு குரல். கண்ணாடி போட்ட டாக்டர். ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்துக்கொண்டே என்னிடம் பேசினார். வேகமாக, ஆனால் ஒவ்வொரு சொல்லாக.

"மயக்கம் குடுத்துத் தூங்க வச்சா மூச்சு அடைச்சிடும். அதனால முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா ட்யூப் போடப் போறோம். அதுவும் போகலைன்னா கழுத்துல துளை போட வேண்டி வரும். அதுக்கப்புறம் கீழ வெட்டிச் சீழ் எடுக்கணும். பல்லையும் எடுக்கணும். சம்மதமா?"

"பிழைப்பாங்களா?"

"இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா இதைப் பேசிட்டு இருக்க மாட்டோம். சம்மதமா?"

"செய்ங்க."

அம்மாவை உட்கார்ந்த நிலையிலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அவள் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். கத்திக் கத்தி என் தொண்டை கட்டியிருந்தது. இனி யாரிடம் கத்துவது?

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "மழலை மழலைன்னு சிரிச்சேனேடி. இந்த வாயை வச்சுக்கிட்டு நான் சிரிச்சேனே."

"நானும்தான் சிரிச்சேன். அழாத சித்தி. நீ அழுதா எனக்கு பயமா இருக்கு."

அவள் போன் அடித்தது. பார்லர் மேடம். சித்தி தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமா மேடம்... உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க மேடம்... நாளைக்கா? தெரியல மேடம்..." நான் போனைப் பிடுங்கினேன்.

"நாளைக்கு வர மாட்டாங்க."

"ஐயோ, நீயாம்மா? பல்வலிக்கு யாராவது அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா? நாளைக்கு புக்கிங் நிறைய இருக்கு, அதான் கேட்டேன்."

"அந்த க்ரீமை எடுத்து வாய்க்குள்ள தடவிட்டுத்தான் உங்க கடையில நூல் கடிச்சாங்க. உங்களுக்குத் தெரியும்."

"நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். அவங்கதான் கேக்கல."

"ட்ராயர் சாவி யார்கிட்ட இருக்கு மேடம்?"

நானே போனை வைத்தேன். கோபத்தில் கொஞ்ச நேரம் பயம் மறந்திருந்தது. கோபம் இறங்கியதும் பயம் இரண்டு மடங்காக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். வேறு யாருக்கோ திறந்தது. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அடுத்தவர்கள் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

கடைசியில் கண்ணாடி டாக்டர் வந்தார். மாஸ்க்கைக் கழற்றினார்.

"ட்யூப் உள்ள போயிடுச்சு. சீழ் நிறைய வந்துச்சு. கடைவாய்ப் பல்லை எடுத்தாச்சு. வீக்கம் வத்தற வரைக்கும் ட்யூப் இருக்கும். ஆபத்து முழுசா தாண்டலை, ஆனா பெரிய கண்டம் போயிடுச்சு."

"அந்தப் புண்ணு டாக்டர்?"

"கன்னத்துலயா? அவங்க பல்லே கடிச்ச புண்ணு மாதிரிதான் இருக்கு. பல்லுத் தடம் நேரா இருக்கு. மரத்துப்போன கன்னம் பல்லுக்கு நடுவுல மாட்டினா அவங்களுக்குத் தெரியாதுல்ல. நாள் பூரா கடிச்சிருப்பாங்க. எதுக்கும் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன்."

அந்த வெள்ளைப் புண்ணைப் பார்த்துத்தான் நாங்கள் மூன்று பேரும் நடுங்கினோம். அதற்குப் பயந்துதான் டாக்டர் வாசலை மிதிக்கவில்லை. கொல்ல வந்தது அதற்கு ஒரு விரல்கடை தள்ளி, நாக்குக்கு அடியில், ஒருவரும் பார்க்காத இடத்தில் ஊறிக்கொண்டிருந்தது. சித்தி டாக்டரைக் கும்பிட்டாள். எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

அம்மா ஐசியூவில் பேச முடியாமல் கிடந்தாள். இப்போது கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்திருந்தார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை சற்றுத் தாமதமாக இறங்கியதற்கு நர்ஸைக் கூவி அழைத்தேன். "அது மெஷின் குடுக்கிற மூச்சும்மா, நீ போய்ச் சாப்பிடு," என்றார்.

ட்யூபை எடுத்த அன்று என்னை உள்ளே விட்டார்கள். தாடைக்குக் கீழே கட்டு. அதிலிருந்து, சீழ் வடிய வைத்த ரப்பர் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. கழுத்து மறுபடி கழுத்தாகியிருந்தது. நர்ஸ் ஒரு டம்ளரில் தண்ணீரையும் ஸ்பூனையும் என் கையில் கொடுத்தார்.

"ஒரு ஸ்பூன் குடுங்க. கொஞ்சமா. முழுங்கறாங்களான்னு பாக்கணும். இருமினா உடனே நிறுத்திடணும்."

முதல் ஸ்பூன் பாதி கட்டில்மேல் சிந்தியது. மீதியை அவள் உதட்டுக்குள் விட்டேன். அம்மா வாயை மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் கண்கள் என்னைப் பார்த்தன. அவளுக்கும் பயம். விழுங்கினால் அடைத்துக்கொள்ளுமோ என்று. அவள் தொண்டையையே பார்த்தேன். இருமுவாளோ? அந்தச் சீழ்க்கை வருமோ? நர்ஸ் ஓரடி முன்னால் வந்தார்.

கட்டுக்கு மேலே தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

இருமல் வரவில்லை. சத்தம் வரவில்லை. அம்மா மூச்சை உள்ளே இழுத்து, நிதானமாக வெளியே விட்டாள். நான் அவள் தொண்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன்டி முறைக்கிற?" கரகரவென்ற குரல். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. "சிந்தாம இன்னொரு ஸ்பூன் குடு."